வெள்ளைக்கல் குழியில் யார் கையெழுத்து?

சேலத்துக்காரர்களுக்கு வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட் கனிமத்தை, விளக்க வேண்டியதில்லை. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஊருக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவே, மண்ணைக் கீறினால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை தெரியும் நிலம் அது. "சுரங்கத் துறையில் பெண்களும் நுழைந்துவிட்டார்கள்" என்று மேடையில் யாராவது பேசினால் இந்தப் பக்கத்தில் சிரிப்புத்தான் வரும். குழியில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கூடை சுமந்தார்கள், கல் பொறுக்கினார்கள், சுத்தியல் பிடித்தார்கள். இல்லாமல் இருந்தது ஒன்றுதான்: ஷிப்ட் புத்தகத்தில் அவர்கள் கையெழுத்து.

கல் பொறுக்குவது என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. டூனைட் என்கிற கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஒரு நரம்பு விரல் தடிமன், பக்கத்தில் இன்னொன்று முழங்கை அகலம். வெடி போட்டுத் தள்ளினால் கல்லும் கழிவும் ஒன்றாகத்தான் சரியும். எக்ஸ்கவேட்டர் வாளிக்கு இது நரம்பு, இது பாறை என்று தெரியாது. கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து, சிறு சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டி, ஒட்டியிருக்கும் பாறையைக் கழற்ற வேண்டும்.

பாறையைக் கழற்றுவது சுலபம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளைதான் சிக்கல். மேக்னசைட் நரம்பிலேயே சிலிக்காவும் சேர்ந்து வரும். இரண்டும் வெள்ளை, தூசு படிந்தால் வித்தியாசமே தெரியாது. பழகிய கைக்குத் தெரியும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் மேக்னசைட் 4-ஐ ஒட்டி, சிலிக்கா 7. இரும்பு முனையால் இழுத்தால் மேக்னசைட்டில் கோடு விழும். சிலிக்காவில் முனை வழுக்கும். கல்லில் கீறல் இருக்காது, இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டியிருக்கும். சுத்தியல் பட்டால் ஒன்று மந்தமாக ஒலிக்கும், மற்றது கணீரென்று கேட்டுச் சில சமயம் பொறியும் பறக்கும். உடைந்த விளிம்பை வெயிலில் பிடித்தால் சிலிக்கா மெழுகு போலக் கொஞ்சம் ஒளி விடும். சுண்ணாம்புக்கல் என்று சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள். சுண்ணாம்பு உடனே பொங்கும். மேக்னசைட்டைப் பொடித்துச் சூடாக்கினால்தான் பொங்கும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், கணக்கு சூளையில் இருக்கிறது. சுத்தமான மேக்னசைட்டில் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) 47.8 சதவீதம், மீதி 52.2 சதவீதம் கரியமில வாயுவாகப் போய்விடும். சிலிக்கா எங்கும் போகாது. எரிக்காத கல்லில் 3 சதவீதம் இருந்த சிலிக்கா, எரித்த பிறகு ஏறக்குறைய 6 சதவீதமாக நிற்கும். அந்த மக்னீசியாவில் செய்த செங்கல் உருக்காலை உலைக்குள் போய் நிற்க வேண்டியது. சிலிக்கா கூடினால் அதிக சூட்டில் இளகும் சேர்மங்கள் உருவாகி, செங்கலின் பலம் குறையும். ஆகவே, குழி ஓரத்தில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருக்கும் பெண் செய்வது தரக் கட்டுப்பாடு. அதே வேலையை ஆய்வக மேசையில் செய்தால் பதவிப் பெயர் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. குழி ஓரத்தில் செய்தால் டன் கணக்குக் கூலி.

பொறியியல் படித்துவிட்டு இந்தக் குழிகளுக்கு வரும் பெண்கள், முதல் வாரமே இவர்களிடம் போய் உட்காருவது நல்லது. நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பெஞ்சில் (குழியைப் படிப்படியாக வெட்டி இறக்கும்போது ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச்) கல் "கெட்டு" வருகிறது என்பது, வரைபடத்தில் ஏறுவதற்கு முன்பே இங்கே பேச்சில் வந்துவிடும்.

இனி சட்டம். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பெண்களை நிலத்தடிக்கு விடவில்லை. மேலே வேலை என்றாலும் காலை 6 முதல் இரவு 7 வரைதான். 2019 தொடக்கத்தில் மத்திய அரசு அறிவிக்கை வழியாக இதைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கம் உட்பட மேல்வேலைகளில் இரவு 7 முதல் காலை 6 வரையும் பெண்களை அமர்த்தலாம் என்றானது. நிலத்தடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்குப் பகல் நேரத்தில் போகலாம் என்றானது. எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், ஒரு ஷிப்டில் மூன்று பெண்களுக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது.

அந்த மூன்று பேர் நிபந்தனை நல்லதற்குத்தான் போட்டது. ஆனால் நடைமுறையில் அதுவே அடைத்த கதவாகிவிடுகிறது. ஒரே ஒரு பெண் பொறியாளர் இருக்கும் நடுத்தரக் குழியில், "இன்னும் ரெண்டு பேர் வரட்டும் மேடம், அப்புறம் நைட் ஷிப்ட் பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. இரவு ஷிப்டைத் தனியாக நடத்திய ஆளைத்தான் நாளை குழிப் பொறுப்புக்கு யோசிப்பார்கள்.

இதைவிடப் பெரிய கதவு தகுதிச் சான்றிதழ். சுரங்கத்தில் பட்டம் வேலை வாங்கித் தரும், அதிகாரம் தராது. மேலாளர், ஃபோர்மேன், மேட் (ஆட்களை நேரடியாக மேற்பார்ப்பவர்), பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் சான்றிதழ் உண்டு. அது இல்லாதவர் எத்தனை படித்திருந்தாலும் சட்டப்படி அந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட முடியாது. சான்றிதழ்த் தேர்வுக்கு அனுபவம் வேண்டும். நிலத்தடிக்கே போக முடியாத காலத்தில், ஒரு பெண்ணுக்குத் திறந்தவெளிக்கு மட்டுமான மேலாளர் சான்றிதழ்தான் எட்டியது. வெள்ளைக்கல் குழிகள் திறந்தவெளி என்பதால் சேலத்தில் இது பெரிதாக உறைக்காது. வேறு ஊர்ச் சுரங்கத்துக்கு மாறும்போது உறைக்கும்.

சட்டம் தளர்ந்த பிறகும் அனுபவம் தானாக வந்துவிடுவதில்லை. தடுப்பது பெரும்பாலும் பகையல்ல, பரிவு. "வெயில்ல எதுக்குங்க மேடம், ஆபீஸ்லயே இருந்து ரிட்டர்ன் பாருங்க." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்வார். கேட்டு உட்கார்ந்தால் இரண்டு வருடம் படிவங்களோடு போய்விடும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் குழிக்குள் இருந்த நாட்கள் கணக்குக்கு வராது. முதல் இரண்டு வருடத்தில் அலுவலக வேலையைப் பகுதி நேரத்துக்கு மேல் ஏற்கக் கூடாது என்பேன்.

குழிக்குள் என்ன கற்க வேண்டும்? காலையில் ஆட்கள் இறங்கும் முன் பெஞ்சைப் பார்ப்பது. கெட்டியான பாறையில் பெஞ்ச் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை. மேல் மண், கிராவல் என்றால் 1.5 மீட்டர், அல்லது 45 பாகைக்கு மேல் போகாத சரிவு. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல், மரம் இருக்கக் கூடாது. மழைக்கு மறுநாள் விளிம்புக்கு இணையாக மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் உயிர். வெடிப்பின் இரு பக்கமும் ஒரு ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதிவைத்தால், மறுநாள் அது வளர்ந்ததா என்று வாதாட வேண்டியதில்லை.

அடுத்தது வெடி. 6 மீட்டர் பெஞ்சுக்கு 115 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை போட்டால், முகப்பிலிருந்து துளை வரைக்குமான பர்டன் 3 மீட்டரை ஒட்டி வரும். துளையை அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரைக்குக் கீழே இறக்குவார்கள். இல்லாவிட்டால் அடியில் முண்டு நிற்கும். துளையின் வாயை அடைக்கும் ஸ்டெம்மிங்கில்தான் சோம்பல் நுழைகிறது. அது குறைந்தால் வாயு மேலே பீறிட்டுக் கல் பறக்கும். பர்டன் கூடினால் பாறை நகராது, அந்த விசை நில அதிர்வாக ஊருக்குள் போகும். சேலத்தில் குழிக்கும் வீட்டுக்கும் தூரம் அதிகமில்லை. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால், சாதாரண வீட்டருகே நிலம் அதிரும் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. அதிர்வுமானியை யார் வைத்தார், எந்தத் திண்ணை அருகே வைத்தார் என்பதை எழுதிவைக்காவிட்டால், புகார் வரும் நாளில் அந்த எண் செல்லாது.

வெள்ளைக்கல்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெடிமருந்தைக் கூட்டினால் உடைந்த டன் ஏறும், வெள்ளைக்கல் குறையும். நரம்பு நொறுங்கித் தூளாகிக் கழிவோடு போய்விடும். பொறுக்கும் கைக்குக் கட்டியாகக் கிடைத்தால்தான் காசு. வெடிப்பவரும் பொறுக்குபவரும் ஒரு தடவையாவது எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளும் குழியில் இந்த இழப்பு குறையும். அப்படிப் பேசவைக்க, இரண்டு பக்கமும் கூச்சமின்றிப் போகக்கூடிய பெண் பொறியாளர் ஒருவர் இருந்தால் வேலை சுளுவாகிறது.

காலணியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஸ்டோரில் பாதுகாப்பு பூட்ஸ் பெரும்பாலும் 6-லிருந்து 10 வரைதான் இருக்கும். 4-ஆம் எண் காலுக்கு 6 கொடுத்து, "சாக்ஸ் ரெண்டு போட்டுக்கோங்க" என்பார்கள். சரிவில் இறங்கும்போது குதிகால் தூக்கும், விரல் நுனி இரும்பில் இடிக்கும். இடறி விழுவது அங்கேதான். எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்பதே வழி. வாய்ப்பேச்சு ஸ்டோரைத் தாண்டாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். உச்சிக் கொண்டைமேல் அது உட்காராது. கழுத்துக்கு இறக்கிப் பின்னல் போட்டு, தாடைப் பட்டையை இறுக்க வேண்டும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் கன்வேயர் உருளைக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

கழிவறைதான் உண்மையான தணிக்கை. சுரங்க விதிகள் 1955-இன்படி 50 பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும். குடிநீர் ஆளுக்கு 2 லிட்டர். காகிதத்தில் இரண்டும் இருக்கும். கழிவறை அலுவலகக் கட்டடத்தில், குழியிலிருந்து 1 கிலோமீட்டரில் இருந்தால், பெண்கள் செய்வது ஒன்றுதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலில், வெள்ளைப் பாறை கண்ணைக் கூசவைக்கும் குழியில், அதன் விலை சிறுநீர்த் தொற்றும் மயக்கமும். நகர்த்தக்கூடிய கழிவறை ஒன்றைக் குழி ஓரத்தில் நிறுத்தினால் போதும். அதைக் கேட்டு எழுதும் முதல் கடிதம் ஒரு பெண்ணுடையதாக இருப்பதைவிட, மேலாளருடையதாக இருந்தால் சீக்கிரம் நடக்கும்.

மேட் சான்றிதழுக்குப் பட்டம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, குழியைக் கரைத்துக் குடித்த ஒரு கல் பொறுக்கும் அக்காவுக்கு அது எட்டாத உயரமில்லை. எட்டாமல் போவது எங்கே என்றால், அவர் பெயர் குழியின் வருகைப் பதிவேட்டில் இல்லாமல் ஒப்பந்ததாரரின் நோட்டில் இருக்கும்போது. அனுபவச் சான்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை.

பொறியாளருக்கும் அதே எச்சரிக்கைதான். அனுபவச் சான்றில் "இந்நிறுவனத்தில் பணிபுரிந்தார்" என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் பயன் இல்லை. எந்தச் சுரங்கம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, திறந்தவெளியா நிலத்தடியா, வெடிமருந்து புழங்கியதா, என்ன இயந்திரங்கள், என்ன பொறுப்பு என்று பிரித்து இருக்க வேண்டும். மேலாளர் மாறிப்போனால் பழைய நாட்களுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவர் நாற்காலியில் இருக்கும்போதே வாங்கி, இரண்டு நகல் எடுத்துவைக்க வேண்டும். ஒன்று வீட்டில்.