800 வீலேன்களும் 40 ட்ரங்குகளும்

எங்கள் டேட்டா சென்டரில் வீலேன்களின் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் மெய்நிகர்ப் பிரிவுகள்) எண்ணிக்கை 800-ஐத் தாண்டியபோது, "4094 வரை இடம் இருக்கிறதே, இப்போதே என்ன கவலை?" என்று மேலாளர் கேட்டார். தரவு எந்த வீலேனைச் சேர்ந்தது என்று காட்டும் 802.1க்யூ டேகில் வீலேன் எண்ணுக்கு 12 பிட்டுகள் உண்டு. அதில் அடங்கும் 4096 எண்களில் 0, 4095 இரண்டையும் பயன்படுத்த முடியாது என்ற அவருடைய கணக்கு சரிதான். ஆனால் நாங்கள் போய் முட்டிக்கொண்ட இடம் அதுவன்று.

ஒவ்வொரு வீலேனுக்கும் தனியாக ஸ்பானிங் ட்ரீ (தரவு நெட்வொர்க்கில் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் நெறிமுறை) ஓடும் முறையில், சுவிட்சின் மீதான சுமை வீலேன்களின் எண்ணிக்கையை ட்ரங்குகளின் (பல வீலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்புகள்) எண்ணிக்கையால் பெருக்கக் கிடைப்பது. 40 ட்ரங்குகளிலும் 800 வீலேன்களையும் அனுமதித்தால் 32,000 லாஜிக்கல் போர்ட்டுகள் ஆகிவிடும். எந்த விர்ச்சுவல் மெஷின் எந்த ஹைப்பர்வைசருக்கு (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் சர்வர்) நகருமோ என்ற அச்சத்தில் (சோம்பல் என்றும் சொல்லலாம்) எல்லா ட்ரங்கிலும் எல்லாவற்றையும் திறந்துவைத்திருந்தோம். ஆகவே ஒரு வீலேனில் எழும் ஏஆர்பி ப்ராட்காஸ்ட் (ஓர் ஐபி முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் செய்தி), அந்த வீலேனுக்குரிய ஒரு சர்வர்கூட இல்லாத ரேக்கின் சுவிட்சு வரை போய்க்கொண்டிருந்தது.

ட்ரங்குகளில் தேவையற்றவற்றைக் கழிக்கத் தொடங்கிய வாரத்திலேயே, ஒரு நள்ளிரவில், ஒரு ட்ரங்கின் அனுமதிப் பட்டியலில் ஒரு வீலேனைச் சேர்க்கும் கட்டளையில் 'ஆட்' (சேர்) என்ற சொல்லைத் தட்டச்சு செய்ய மறந்தேன். பட்டியலில் புதிதாகச் சேர வேண்டிய எண், பழைய பட்டியலை அழித்துவிட்டுத் தான் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கட்டளையை எவரும் கையால் அடிப்பதில்லை. பொது அட்டவணை ஒன்றிலிருந்து ஸ்கிரிப்ட்தான் எழுதுகிறது.

பல வீலேன்களுக்குச் சேர்த்து ஒரே ஸ்பானிங் ட்ரீயை (இன்ஸ்டன்ஸ்) ஓட்டும் எம்எஸ்டி முறைக்கு மாறியபோது, இன்னும் உருவாக்காத வீலேன்களையும் சேர்த்து எல்லா எண்களையும் முதல் நாளிலேயே இன்ஸ்டன்ஸ்களுக்குப் பிரித்துவிட்டோம், ஏனெனில் அந்தப் பிரிவினை ஒரு சுவிட்சில் மாறினாலும் அந்தச் சுவிட்சு ரீஜனுக்கு (ஒரே பிரிவினை கொண்ட சுவிட்சுகளின் குழு) வெளியே போய்விடும்.

2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியான விஎக்ஸ்லேன், வீலேனைப் போலவே நெட்வொர்க்கைப் பிரித்தாலும், 24 பிட் அடையாளத்தால் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளைத் தருகிறது. நாங்களும் அதை நோக்கியே நகர்கிறோம். ஆயினும், 'டெஸ்ட்_புதிது_2' என்ற பெயருள்ள வீலேன் யாருடையது என்பதை எந்த நெறிமுறையும் சொல்லப்போவதில்லை. மேக் அட்டவணையை (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்ற சுவிட்சின் பதிவு) 30 நாள் பார்த்து, அசைவற்ற ஒன்றை நீக்கினோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும் கணக்குப் பிரிவு சர்வர் அதில் இருந்தது. இப்போது 100 நாள் பார்க்கிறோம்.