இரும்பு மை அரித்த கடிதங்களை நீரில் இறக்குமுன்

இரும்பு மையில் எழுதிய பழைய கடிதக் கட்டு ஒன்றைப் பாதுகாக்கும் வேலை எனக்கு வந்தது. கறுப்பாக இருந்த எழுத்து பழுப்பேறியிருந்தது. மை அழுத்தமாக விழுந்த இடங்களில், குறிப்பாகக் கையெழுத்துச் சுழிப்புகளில், தாளில் விரிசல் விட்டிருந்தது. சில எழுத்துகள் உதிர்ந்து அவற்றின் வடிவத்தில் ஓட்டைதான் மிச்சம்.

இந்த மைக்கு மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின், தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும். கூடவே உண்டாகும் கந்தக அமிலம் தாளின் செல்லுலோஸ் இழைகளைத் துண்டாக்குகிறது. மாசிக்காயின் டானினோடு சேராமல் மிஞ்சும் இரும்பு(II) அயனிகள் இன்னொரு பக்கம் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பழைய செய்முறைகள் பலவற்றில் அன்னபேதி தேவைக்கு அதிகம். அதனால் அமிலத்தை மட்டும் போக்கினால் பாதி வேலைதான் முடியும்.

முதலில் சோதனை. இரும்பு(II) பட்டால் சிவக்கும் பாத்தோஃபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் தோய்த்த சிறு தாள் துண்டை அயனி நீக்கிய நீரில் நனைத்து, உறிஞ்சுதாளில் நன்றாக ஒற்றி, எழுத்தின் மேல் அரை நிமிடம் போல அழுத்திப் பிடித்தேன். எடுத்துப் பார்த்தால் எழுத்து இடவலம் மாறி, பளிச்சென்ற இளஞ்சிவப்பில் பதிந்திருந்தது. இரும்பு இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம்தான் கஷ்டமான முடிவு: நனைப்பதா, வேண்டாமா? அரைகுறை ஈரத்தைப் போல இந்த மைக்கு ஆகாதது வேறில்லை. கரைந்த இரும்பு மை இல்லாத இடத்துக்கும் நகர்ந்து, நல்ல தாளையும் கெடுக்கத் தொடங்கிவிடும். நனைப்பதானால் முழுக்க நனைக்க வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. ஓரக் குறிப்புகள் சிவப்பு மையில் இருந்த தாள்களில் துளி நீர் வைத்துப் பார்த்தேன். சிவப்பு கசிந்தது. அவற்றைத் தனியே எடுத்து வைத்தேன்.

மற்றவற்றுக்குக் கால்சியம் ஃபைட்டேட் முறை. நெதர்லாந்தில் ஆய்வாளர் யோஹன் நேவல் 1990-களில் உருவாக்கியது. தானியத் தவிட்டில் இருக்கும் ஃபைட்டேட் இரும்பை இறுகப் பிடித்து, வினையில் இறங்கவிடாமல் செய்கிறது. எழுத்துள்ள பகுதி நீரை ஏற்கத் தயங்கும், சுற்றியுள்ள தாள் சட்டென விரியும், அந்த இழுப்பில் மை வெடிக்கும். அதனால் எத்தனால் கலந்த நீரில் சீராக நனைத்த பிறகே ஃபைட்டேட் கரைசலில் இறக்கினேன். ஒவ்வொரு தாளுக்கும் கீழே பாலியஸ்டர் வலை தாங்கலாக இருந்தது. வெறும் கையால் ஈரத்தாளைத் தூக்குவதை நினைத்தும் பார்க்க முடியாது.

அடுத்து கால்சியம் பைகார்பனேட் கரைசல். அது அமிலத்தைச் சமன்செய்து, இனி வரும் அமிலத்துக்கும் கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டைத் தாளிலேயே விட்டுவைக்கும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. உலர்த்துவதற்கு முன் மறுபடி சோதனைத் துண்டு வைத்தேன். இளஞ்சிவப்பு தெரிந்த தாள்கள் திரும்பவும் ஃபைட்டேட்டுக்குப் போயின. கடைசியில் ஜெலட்டின் பூச்சு, தாளுக்குத் தெம்பு வர.

சிவப்பு மைத் தாள்களின் விரிசல்களை, முன்கூட்டியே ஜெலட்டின் பூசி உலர்த்திய ஜப்பானிய மெல்லிழைத் தாளால் ஒட்டினேன். கோதுமைப் பசையில் ஈரம் அதிகம். ஜெலட்டினுக்கோ லேசான ஈரம் போதும். ஒட்டிய இடம்கூட நிதானமாகப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது. அந்தத் தாள்களைத் தனி உறையில் இட்டு, ‘நனைக்கக் கூடாது, சிவப்பு மை கரையும், இரும்பு(II) இருக்கிறது’ என்று பென்சிலில் குறித்து, ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாத அறைக்கு அனுப்பினேன்.