அப்பம்மாவுக்கு ஒரு கிண்ணம்

லண்டனிலிருந்து எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க்குழு நண்பன் போன் எடுத்தான். "மச்சான், கொலிஜ் ஞாபகம் ஏதாவது எழுதித் தா. மதில் பாய்ஞ்சது, மட்ச் பாத்தது எல்லாம் ஏற்கெனவே நிறைய வந்திட்டுது. நீ வேற ஏதும் எழுது" என்றான். சிங்கப்பூரில் நமக்கென்று ஒரு கிளை தொடங்கும் அளவுக்கு ஆள் இல்லாததால், நான் எழுதுவதெல்லாம் லண்டன் மலரில்தான் வர வேண்டியிருக்கிறது. சரி, மதில் பாயாத ஒரு கதை.

யாழ்ப்பாணம், 1969. ஞானோபதேச வகுப்பு, அதாவது கத்தோலிக்க மறைப்பாடம். முந்தின நாள் என்ன செய்தாய் என்று கேட்ட ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். "ஆடி அமாவாசை சேர். அப்பம்மா படைச்சவ. நான்தான் காகத்தைக் கூப்பிட்டனான்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. என்னை எழுப்பி முதலாம் கட்டளையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்ப பேய்க்கு வைச்ச சோத்தை நீ ஏன் தின்னனி?" என்று கேட்டார். மணி அடிக்கும் வரை நின்றேன்.

எங்கள் வீட்டு நிலவரம் அப்படி. அம்மா பக்கம் பரம்பரைக் கத்தோலிக்கர். அப்பா கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர். அப்பாவின் தாய், எங்கள் அப்பம்மா, கடைசிவரை சைவம். ஞாயிறு காலையில் எங்கள் பூசைச் சட்டைகளுக்குக் கரி அயன்பெட்டி போட்டுத் தருவது நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த மனுசிதான். விபூதிப் புதனன்று நாங்கள் கோயிலால் வரும்போது எங்கள் நெற்றியைப் பார்த்து, "வருசத்தில ஒருநாள் நீங்களும் என்ர கட்சி" என்பா.

ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்த பிள்ளைகள் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடுவார்கள். அப்பா போவதில்லை. அதனால் அப்பம்மாவே வீட்டில் தலைவாழை இலை போட்டு, அப்பப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பா. அன்றைக்கு இலையில் காத்தோட்டிக்காய் கட்டாயம் இருக்கும். அதன் கைப்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் காகத்தைக் கூப்பிடும் வேலை பிடிக்கும். கூரையைப் பார்த்து "கா, கா" என்று கத்த, வீட்டில் வேறு எந்த நாளும் அனுமதி இல்லை.

அடுத்த ஆண்டு அப்பம்மா கூப்பிட்டபோது, "நான் வரமாட்டன், அது பாவம்" என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. தானே முற்றத்துக்குப் போய், காகத்தைக் கூப்பிட்டு, சோறு வைத்துவிட்டு வந்தா. அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. 1974இல் செத்துப்போனா. சுடலையில் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள்.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. எனக்குக் கணக்கில் நம்பிக்கை வரவைத்தவரும் அவர்தான். தனக்குச் சொல்லித் தந்ததை அவர் எங்களுக்குச் சொன்னார். ஆனால் அந்தச் சோறு மட்டும் என் தொண்டையில் பதினெட்டு வருடம் நின்றது.

1985இல் சிங்கப்பூருக்கு வந்தேன். ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. எங்கள் போர்மன் தியோச்சியூ சீனர், கத்தோலிக்கர். நான் ஓஃபியர் சாலை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போவேன், அவர் குவீன் வீதி இராயப்பர் சின்னப்பர் கோயிலுக்குப் போவார். ஒருநாள் அவர்தான் சொன்னார்: உங்கள் கோயில் 1888இல் கட்டி முடியும்வரை தமிழரும் சீனரும் ஒரே கோயிலில், எங்கள் கோயிலில்தான் இருந்தார்கள் என்று. "நூறு வருசமா வாடகை பாக்கி" என்று சிரித்தார்.

1988 சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு விருந்துக்கு என்னைக் கூப்பிட்டார். குடும்பம் முழுக்க ஒன்றுகூடும் சாப்பாடு அது. தனியாக இருந்த எனக்கு அவர் வீட்டில் இடம் கிடைத்ததே பெரிய விசயம். சிங்க நடனம், வெடி, சிவப்புத் தோரணம் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவை என்னை ஒருபோதும் பெரிதாகத் தொட்டதில்லை. தொட்டது வேறு.

சாப்பிட முன் எல்லோரும் அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் போர்மனின் தகப்பனார் படம், இரண்டு மாண்டரின் ஆரஞ்சு, ஒரு மெழுகுதிரி. சிலுவை அடையாளம் போட்டு, பரலோக மந்திரத்தைத் தியோச்சியூவில் சொல்லி, படத்தை மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். பிறகு அவருடைய தாயார், எல்லோரும் 'ஆ மா' என்று கூப்பிடும் கிழவி, ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு, பக்கத்தில் சாப்ஸ்டிக் வைத்து, ஆளில்லாத ஒரு கதிரைக்கு முன்னால் வைத்தா. இறந்துபோன புருசனுக்கு.

எனக்கு மேசையில் கொதித்த ஸ்டீம்போட் சூப்புச் சட்டியின் ஆவியில் கண் கலங்கியது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த வருடம் இன்னொரு சிக்கல். புத்தாண்டும் விபூதிப் புதனும் ஒரே நாளில், பெப்ரவரி 17. ஒருசந்தி, சுத்தபோசனம் (உபவாசம், இறைச்சி தவிர்ப்பு) அனுசரிக்கும் நாள் நாட்காட்டியின் மிகப் பெரிய கொண்டாட்டத்தில் வந்து விழுந்துவிட்டது. மேசையில் இதுதான் பேச்சு. ஆ மா ஒரே வசனத்தில் முடித்துவைத்தா: தன் பழைய வீட்டில் வருடப் பிறப்பின் முதல் நாள் எப்போதும் சைவம்தான், இதில் என்ன புதுமை என்று. சீனரிடையே அப்படி ஒரு பழக்கம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் நெற்றியில் சாம்பலோடு வந்த பேரப்பிள்ளைகள், சொந்தக்காரர் பார்த்தால் அபசகுனம் என்பார்களே, துடைக்கட்டா என்று கேட்டார்களாம். "புத்தாண்டில் வீடே கூட்டக் கூடாது, நெற்றியைக் கூட்டுவதா?" என்று ஆ மா அதட்டினாவாம். போர்மன் வேலைக்கு வந்து இதைச் சொன்னபோது, என் காதில் கேட்டது அப்பம்மாவின் குரல்.

அப்புறம்தான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். மத்தேயு ரிச்சி 1582இல் சீனக் கரையிலுள்ள மக்காவோவுக்கு வந்து, 1610இல் பெய்ஜிங்கில் இறக்கும்வரை சீனருக்குள் சீனராக வாழ்ந்த யேசுசபைக் குரு. முன்னோர் படத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் வணங்குவது மரியாதை, விக்கிரக ஆராதனை அல்ல என்பது அவருடைய எண்ணம். அதே காலத்தில், 1606இல், மதுரைக்கு வந்து காவி கட்டியவர் அதே சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி. பிறகு வந்தவர்கள் இருவரின் வழியையும் சந்தேகித்தார்கள். நான் எழும்பி உட்கார்ந்து வாசித்த இடம் இதுதான்: உரோமாபுரி அனுப்பிய தூர்னோன் என்ற ஒரே தூதர்தான் 1704இல் புதுச்சேரியில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கலியாணத் தேங்காய் உடைப்பையும் சாமத்தியச் சடங்கையும் தடுத்து ஆணை போட்டவர். அங்கிருந்து கப்பலேறிச் சீனாவுக்குப் போய், முன்னோர் வணக்கத்தையும் தடுத்து, காங்சி பேரரசரின் கோபத்துக்கு ஆளாகி, 1710இல் மக்காவோவில் காவலில் இருந்தபடி இறந்துபோனார். என் வீட்டுத் தேங்காயும் போர்மன் வீட்டுப் படமும் ஒரே ஆளின் பட்டியலில் இருந்திருக்கின்றன.

1742இல் சீனச் சடங்குகளுக்கும் 1744இல் நம்முடையவற்றுக்கும் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பூட்டுப் போட்டார். சீனத்துப் பூட்டைத் திறந்தது 1939 டிசம்பரில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில். இறந்தவருக்கு முன்னாலும், அவருடைய படத்துக்கும், பெயர் மட்டும் எழுதிய பலகைக்கும் முன்னாலும் தலைகுனிவது தகும் என்று அந்த ஆணை சொன்னது. 1971இல் தைவானில் கர்தினால் யூ பின் தாமே முன்னின்று முன்னோர் வணக்கத்தை நடத்தினார். காகத்துக்குச் சோறு வைப்பதைப் பற்றி உரோமாபுரி ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் இழுத்துப் பொருத்த மாட்டேன். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வகுப்பில் எழுந்து நின்றபோது அந்தப் பூட்டுத் திறந்து முப்பது வருடம். செய்தி யாழ்ப்பாணத்துக்கு வரத் தாமதம்.

1988 ஏப்ரலில் சிங் மிங். கல்லறை துப்புரவாக்கும் பண்டிகை. அந்த முறை உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளே வந்தது. கூட்டம் குறைந்த பிறகு ஒரு ஞாயிறு போர்மன் குடும்பத்தோடு சுவா சூ காங் கத்தோலிக்க சேமக்காலைக்குப் போனேன். புல் பிடுங்கி, கல்லைக் கழுவி, மங்கிய எழுத்துகளுக்கு வண்ணம் பூசினார்கள். மற்றச் சீனர் போலக் காசுத்தாள் எரிக்கவில்லை. பூ வைத்து, தீர்த்தம் தெளித்து, செபமாலையின் பத்து மணிகளைச் சொன்னார்கள். நவம்பர் 2ஆம் திகதி ஊரில் நாங்கள் சுண்ணாம்பு வாளியும் மெழுகுதிரியுமாகச் சேமக்காலைக்குப் போவதுதான் இது, மாதம் மட்டும் வேறு.

உன் ஆட்களுடைய கல்லறை எங்கே என்று ஆ மா கேட்டா. போர்மன் மொழிபெயர்த்தார். அம்மாவின் ஆட்களுக்கு ஊரில் இருக்கிறது, அப்பம்மாவுக்குக் கல்லறை இல்லை, கடல்தான் என்றேன். வாய் திறந்ததோ என்னவோ, ஆடி அமாவாசைக் கதை முழுவதையும் புல்லுக்குள் நின்றபடி சொல்லிவிட்டேன். பாதிரியாரிடம்கூட அவ்வளவு ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. ஆ மா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் வாளியை என் கையில் தந்தா.

1989 புத்தாண்டுக்கு முதல்நாள் இரவும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பாகற்காய்க் கறி கொண்டு போனேன். காத்தோட்டிக்காய்க்கு இங்கே நான் எங்கே போக? படத்துக்கு முன்னால் குனிந்தோம். நானும் மூன்று முறை. பிறகு ஆ மா கிண்ணம் வைத்தா. ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதில் சோற்றுக்கு மேல் என் பாகற்காயைப் போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி வைத்திருந்தா.

"உன் பாட்டிக்குச் சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாதாமே" என்று போர்மன் மொழிபெயர்த்தார்.

அப்பம்மா கையால்தான் சாப்பிடுவா என்றேன்.

ஆ மா எழுந்து வந்து கரண்டியை எடுத்துக்கொண்டு போனா.