ஹிஜாமாவும் 'கெட்ட ரத்தம்' என்ற கதையும்

முதுகில் கப் வைத்து ரத்தம் எடுக்கும் ஹிஜாமா வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கப்பைக் கழற்றும்போது கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வரும், கேமரா அதன் கிட்டே போகும், "இத்தனை வருஷமா உடம்புல தேங்கிக் கிடந்த கெட்ட ரத்தம் பாருங்க" என்று ஒரு குரல் கேட்கும். நானும் ஹிஜாமா செய்துகொள்கிற ஆள்தான். கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போய்த் தலையைத் திருப்பவே முடியாதபோது போய்விட்டு வருவேன், அப்புறம் கொஞ்ச நாள் லேசாக இருக்கும். ஆனால் இந்தக் கெட்ட ரத்தம் கதை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

நடப்பது இதுதான். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, வெறும் கப்பை வைத்து, கைப் பம்பால் உள்ளே இருக்கும் காற்றை எடுப்பார்கள். தோல் கப்புக்குள் உப்பி எழும்பும், நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் வந்து நிறையும். சில நிமிஷம் கழித்துக் கப்பை எடுத்தால் வட்டமாகச் சிவந்து, லேசாக மரத்த மாதிரி இருக்கும். அந்த வட்டத்துக்குள் சர்ஜிக்கல் பிளேடால் சின்னச் சின்னதாகக் கீறுவார்கள். ஆழமெல்லாம் இல்லை, பூனை நகம் பட்டது போல ஓர் எரிச்சல், அவ்வளவுதான். மறுபடி அதே இடத்தில் கப். முதலில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும், பிறகு புள்ளிகள் சேர்ந்து கோடாகி வழியும், கூடவே வெளிறிய மஞ்சள் நீரும் கொஞ்சம் கசியும்.

இப்படி வெளியே வந்த ரத்தம் கப்புக்குள் சில நிமிஷம் நின்றால் உறையாமல் என்ன செய்யும்? உறையவில்லை என்றால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். கருப்பாக இருக்கிறதே என்றால், ரத்தப் பரிசோதனைக்குக் கையில் ஊசி போட்டு எடுப்பதும் கருஞ்சிவப்புதான், ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தின் நிறமே அது. ஒரு நிமிஷத்துக்குள் உடம்பு முழுக்கச் சுற்றி வந்துவிடுகிற ரத்தத்தில், கெட்டது மட்டும் தனியாகப் பிரிந்து முதுகில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்க வழியே இல்லை. கழிவைப் பிரிக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

அதற்காகப் பழைய ஆட்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். நோய்க்கிருமி, ஹார்மோன் எதுவும் தெரியாத காலத்தில், ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் சமநிலை குலைந்தால் நோய் வரும் என்று கிரேக்கர்கள் கணக்குப் போட்டார்கள். அதே கணக்கு பாரசீக மருத்துவர் இப்னு சீனா வழியாக யுனானி மருத்துவத்துக்கு வந்தது. தேன், ஹிஜாமா, சூடு போடுதல் மூன்றிலும் நிவாரணம் உண்டு, ஆனால் சூடு போடுவதைத் தடுக்கிறேன் என்று ஒரு நபிமொழி இருப்பதால், முஸ்லிம் வீடுகளில் இதற்கு மருத்துவத்தைத் தாண்டிய ஓர் இடமும் உண்டு. இஸ்லாமிய மாதத்தின் பிறை 17, 19, 21 பார்த்துச் செய்துகொள்பவர்கள் நிறைய. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளிலும் கொம்பு கட்டல், அட்டை விடல், குருதி வாங்கல் எல்லாம் வருகின்றன. கப்புக்குப் பதில் மாட்டுக் கொம்பு, அதன் நுனியில் வாய் வைத்து உறிஞ்சுவது. (நினைத்தாலே குமட்டுகிறது, பம்பைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்.)

"இத்தனை ஆயிரம் வருஷமா செய்றாங்களே, சும்மாவா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் எல்லா நோய்க்கும் ரத்தம் எடுத்தார்கள். பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகளைக் கணக்கெடுத்து 1835-ல் வெளியிட்டபோதுதான், எல்லோரும் நம்பிய அளவுக்கு அதில் பலன் இல்லை என்று தெரிந்தது. இன்றைக்கும் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்க்கும், உடம்பில் இரும்புச்சத்து மிதமிஞ்சிச் சேரும் நோய்க்கும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள். அங்கே எடுப்பது ஒரு தடவைக்கு அரை லிட்டர் வரை, அதுவும் ரத்த அளவுகளைப் பார்த்துக்கொண்டு.

அப்படியானால் எனக்கு ஏன் லேசாகிறது? இழுபட்ட தசை தளர்வது, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுவது, வலியை மூளை வேறு மாதிரி எடுத்துக்கொள்வது, அரை மணி நேரம் போனைத் தொடாமல் குப்புறப் படுத்திருப்பது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். கழுத்துவலி, முதுகுவலிக்குப் பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் முதுகில் பிளேடு படுகிறதா இல்லையா என்பதை நோயாளிக்குத் தெரியாமல் மறைக்க முடியாதே, அதனால் நம்பிக்கை செய்த வேலை எவ்வளவு, கப் செய்த வேலை எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, வலி குறைந்தால் சரி. அதையே மாரடைப்பு வராது, சர்க்கரை போய்விடும் என்று விற்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. ஒரு இடத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார்கள், அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

போகிறவர்கள் பிளேடு உறையை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், கப்பும் புதிதாக இருக்க வேண்டும். கழுவி வைத்த கப் என்றால் வேண்டாம், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தத்தில் பரவுபவை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். கப் வைத்த வட்டத் தடம் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிவிடும், கீறல் தடம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.