இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகும் கோயில்

ஜப்பானின் இசே கோயிலைப் பற்றி யாராவது "எத்தனை வருடப் பழசு?" என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. இப்போது நிற்கும் கட்டடம் 2013இல் எழுப்பியது, ஆனால் கோயிலோ 1300 வருடங்களைத் தாண்டியது. கி.பி. 690இல் தொடங்கிய வழக்கம் இது. இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துக் காலிமனையில் அதே அளவில், அதே வடிவில் சூரியதேவி அமதெராசுவுக்குப் புதுக்கோயில் கட்டி, இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு அம்மனை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு வருடத்துக்கும் மேல் நின்றுபோய், அப்புறம் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள்.

வர்ணம் பூசாத ஹினோகி மரம், புல் வேய்ந்த கூரை, மண்ணில் நேரடியாக நட்ட தூண்கள். மழையில் இற்றுப்போகத்தான் செய்யும். ஆனால் தச்சு வேலை மட்டும் இற்றுப்போவதில்லை, ஏனென்றால் இருபது வயதில் உளி பிடிக்கப் பழகியவர் நாற்பதில் முன்னின்று செய்து, அறுபதில் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது, பழைய மரத்தை வீணாக்காததுதான். கூரையின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்களைச் செதுக்கி கோயிலுக்குள் நுழையும் உஜி பாலத்தின் இரண்டு முனையிலும் தோரண வாசலாக நிறுத்துகிறார்கள்.

அடுத்த முறை 2033. அதற்கான மரங்களை வெட்டும் சடங்கு 2025இலேயே தொடங்கிவிட்டது, கோடாரியால், மூன்று பக்கமிருந்து.