பழைய வீஎச்எஸ் டேப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறேன்: இதுவரை நடந்தது

பெட்டியில் இருந்த டேப்புகளில் பாதிக்கு மேல் கணினிக்கு வந்துவிட்டன. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் பூஞ்சணம் பிடித்தவை, அவசரப்படுத்த முடியாது. பினாங்கில் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால் இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் கணினி கடைசி ஆள்தான். காசும் நேரமும் போக வேண்டியது டேப்பை ஓட்டுகிற டெக்குக்கு.

எல்லாம் 1980களின் கடைசியிலிருந்து 1990களின் நடுவரைக்கும் எடுத்தவை. அண்ணன் கல்யாணம், தைப்பூசங்கள், பிறந்தநாள்கள், யார் எடுத்தது என்றே தெரியாத ஒரு ஃபெர்ரி பயணம். கல்யாண டேப்பை மட்டும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருந்தோம். 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதில் மாப்பிள்ளைக்கு ஒரே நாளில் பத்து கிலோ கூடியிருந்தது. முகமெல்லாம் வெளிறி, படத்தின் மேல் ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெளிந்தது. "டேப்பைத் தூக்கிப் போட்டுறாதே" என்று அம்மா சொல்லி வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

முதல் பிரச்சினை பூஞ்சணம். ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிற ஊரில் டேப் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்த மாதிரியோ நூல் நூலாகவோ தெரிந்தால் அந்த டேப்பை நல்ல டெக்குக்குள் போடவே கூடாது. டெக்கின் உள்ளே, டேப்பைப் படிக்கிற ஹெட் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. ஹெட்டில் இருக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு. அதில் பூஞ்சணம் அடைத்தால் படம் போய்த் திரை முழுக்கப் புள்ளிதான். அதைவிட மோசம், அடுத்துப் போடும் சுத்தமான டேப்புக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுவிக்கொண்டு வரும். அதனால் முதலில் காய வைக்க வேண்டும். கேமரா லென்ஸ் வைக்க வாங்கிய டிரை கேபினெட் இருந்தது. ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் குறைத்து டேப்புகளை அதில் வாரக்கணக்கில் விட்டுவிட்டேன். நன்றாகக் காய்ந்ததும் பூஞ்சணம் வெறும் தூளாகிவிடும். பிறகு கேசட்டின் அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருள்களை எடுத்து, தூசியில்லாத துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து ஓரங்களைத் துடைத்து, வேறொரு சுத்தமான கேசட் கூட்டுக்குள் மாற்றி வைத்தேன். இதை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் சளியும் தும்மலும் லேசில் விடாது. திருகாணியைக் கழற்றும்போது உள்ளே எந்தக் கம்பி, எந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது உத்தமம்.

அப்புறம் டெக். புது வீஎச்எஸ் டெக் கடையில் கிடைக்கிற காலம் முடிந்துவிட்டது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆக, பழசுதான். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குக் காலையிலேயே போனால் ரேடியோ, தையல் மிஷின், கைக்கடிகாரங்களுக்கு நடுவில் எப்போதாவது ஒரு டெக் கண்ணில் படும். ஓடுமா என்று கேட்டால் "போலே, போலே" (ஓடும், ஓடும்) என்பார்கள். அங்கே மின்சாரம் போட்டுப் பார்க்க வழியில்லை. 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) நான் வாங்கியது மோனோ டெக். பெல்ட் தளர்ந்து, டேப்பை உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் அடம்பிடித்தது.

அதைச் சரிசெய்ய பட்டர்வொர்த்தில் ஒரு அண்ணனைப் பிடித்தேன். ஒரு காலத்தில் டிவி, வீடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பெல்ட்டை மாற்றினார், டேப்பை அழுத்தி இழுக்கிற பிஞ்ச் ரோலர் ரப்பரைச் சுத்தம் செய்து கொடுத்தார். ஹெட்டைத் துடைக்க நான் காதுப் பஞ்சை எடுத்ததைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பஞ்சு வேணாம். நூல் மாட்டுச்சுன்னா ஹெட்டையே பிச்சிக்கிட்டு வந்துரும். வெள்ளைப் பேப்பரை நனைச்சு ஒட்டினாப்ல புடிச்சிக்க, உருளையைக் கையால சுத்து. பேப்பரை மேல கீழ அசைக்காத." அப்படித்தான் செய்கிறேன். சாதாரண அச்சுத்தாளில் கறுப்புக் கோடாக அழுக்கு வந்து விழுவதைப் பார்க்க ஒரு திருப்தி.

அவர் வீட்டில் ஒரு ஜேவிசி ஹை-ஃபை டெக் சும்மா கிடந்தது. விற்க மனமில்லாமல், "வேலை முடிஞ்சா கொண்டாந்து குடுத்துரு" என்று கையில் கொடுத்துவிட்டார். சந்தையில் வாங்கியது பூஞ்சணம் துடைத்த டேப்புகளை முதலில் ஓட்டிப் பார்க்கிற பலியாடு ஆனது. ஜேவிசி நல்ல வேலைக்கு.

கல்யாண டேப்பை அந்த ஜேவிசியில் போட்டபோதுதான் இந்த வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. 1990களில் எடுத்த கல்யாண வீடியோக்கள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இதய வடிவத்துக்குள் மணமக்கள், நட்சத்திரம் வெடித்து அடுத்த காட்சி, அரிசி தூவுவதில் தொடங்கி பந்தி முடியும்வரை ஒரே சினிமாப் பாட்டு. எங்கள் வீட்டு டேப்பும் அதேதான். முப்பது ஆண்டுகளாக அதில் பாட்டைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. கடைக்காரர் போட்ட டிவிடியிலும் பாட்டு, சந்தை டெக்கிலும் பாட்டு. ஜேவிசியில் போட்டால் நாதஸ்வரம்!

வேறு டேப்போ என்று வெளியே எடுத்துப் பார்த்தேன். அதே டேப்தான். காரணம் இதுதான். வீஎச்எஸ் டேப்பில் சத்தத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று டேப்பின் ஓரத்தில், நகராத ஹெட் ஒன்று நீளவாக்கில் பதிகிற பழைய மோனோ தடம். இன்னொன்று ஹை-ஃபை. அதைப் படத்தைப் பதிகிற அதே சுற்றும் உருளை, சாய்ந்த கோடுகளாக, காந்தப் பூச்சின் ஆழத்தில் முதலில் பதிந்துவிடும், படம் அதன் மேலடுக்கில் உட்காரும். பிறகு 'ஆடியோ டப்' செய்தால், அதாவது படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றிப் பதிந்தால், ஓரத்துத் தடம் மட்டும்தான் அழிந்து புதிதாகும். ஆழத்தில் இருப்பதைத் தொட வேண்டுமென்றால் படத்தையும் அழிக்க வேண்டும். எங்கள் வீடியோக்காரர் ஹை-ஃபை வசதியுள்ள கருவியில் தொகுத்துவிட்டு, பாட்டை ஓரத்துத் தடத்தில் மட்டும் டப் செய்து, அந்த டேப்பையே எங்களிடம் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டு டெக் மோனோ. அதனால் அதற்குத் தெரிந்தது பாட்டு மட்டும்.

குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணம் அது. நாதஸ்வரம், தவில், ஐயர் மந்திரம், "குத்துவிளக்கை நகர்த்துங்க, கேமராவுக்கு மறைக்குது" என்று யாரோ கத்துவது, ஆரத்தித் தட்டு எங்கே என்று பாட்டி பெரியம்மாவை விரட்டுவது, எல்லாம் அப்படியே இருக்கிறது. டேப்பின் ஓரம்தான் பூஞ்சணத்துக்கும் கசங்கலுக்கும் முதலில் பலியாகும். ஆழத்தில் இருந்த சத்தம் தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஹை-ஃபைக்கு ஒரு குணம் உண்டு: சிக்னல் கொஞ்சம் பலவீனமானாலும் டெக் தானாகவே மோனோ தடத்துக்குத் தாவிவிடும். "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று ஐயர் சொல்லி வாய் மூடுவதற்குள் நடுவில் ஒரு டூயட் புகுந்துகொண்டது. ஹெட் தடத்தின் மேல் சரியாக ஓடும்படி டெக்கின் டிராக்கிங்கைக் கையால் மெல்ல நகர்த்தி, ரிமோட்டில் ஆடியோ பொத்தானை ஹை-ஃபையிலேயே நிறுத்தி வைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

ஹை-ஃபை டெக்கில் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்காமல் கல்யாண டேப்பை யாரும் தூக்கிப் போடாதீர்கள். எல்லா டேப்பிலும் இப்படிக் கிடைக்காது. பிரதி எடுத்துக் கொடுத்த டேப் என்றால் இரண்டு தடத்திலும் பாட்டுதான் இருக்கும். எங்களுக்கு வாய்த்தது.

இனி கணினிப் பக்கம். முதலில் வாங்கியது விரல் நீளத்தில் ஒரு மலிவு யூஎஸ்பி கருவி. நல்ல டேப் என்றால் ஒழுங்காக வேலை செய்யும். தேய்ந்த டேப் வந்தால் திரை கறுப்பாகிவிடும், அல்லது நடுநடுவே பிரேம்கள் காணாமல் போய் வாயசைவும் சத்தமும் பிரியும். டேப் இழுபடும்போது வேகம் நுணுக்கமாகக் கூடிக் குறைவதால் படத்தின் ஒவ்வொரு கோடும் வர வேண்டிய நேரத்துக்கு வராது. பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் சில்லு பொறுக்காது. வீட்டில் எடுத்த டேப்பைக்கூட நகலெடுக்கத் தடை செய்த சினிமா கேசட் என்று நினைத்து மறுத்துவிடும். அந்தத் தடைக் குறியை வைப்பது படம் தெரியாத மேல் கோடுகளில். தேய்ந்த டேப்பின் கிறுக்கல்களும் அங்கேதான் வந்து விழும்.

இதற்கு மருந்து டைம் பேஸ் கரெக்டர், கோடுகளின் நேரத்தைச் சரிசெய்கிற கருவி. தொழில்முறைக் கருவி விலைக்கு நம்மால் ஆகாது. ஆனால் சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள், டிவிடி எதுவும் பதியாமல் சிக்னலைச் சும்மா உள்ளே வாங்கி வெளியே விடும்போதே கோடுகளை நேராக்கிக் கொடுக்கும். பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர் போனவை. எனக்கு ஈஎஸ்15 தெரிந்தவர் ஒருவர் வீட்டுச் சாமான் அறையில் கிடைத்தது. டெக்குக்கும் யூஎஸ்பி கருவிக்கும் நடுவில் அதை மாட்டியதும் நெளிந்த மேல் ஓரம் நிமிர்ந்தது, கறுப்புத் திரையும் வரவில்லை. நான் போட்ட காசுக்கு உடனே பலன் தெரிந்தது இதில்தான்.

பதிவு செய்ய விர்ச்சுவல்டப் என்ற மென்பொருள், தரம் குறையாமல் சுருக்குகிற ஹஃப்ஒய்யூவி முறை. நம் நாட்டு டேப் பால் (PAL) என்ற வீடியோ முறை என்பதால் 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபியைத் தாண்டும். அவ்வளவு பெரிய கோப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டேப் இன்னொரு முறை இதே மாதிரி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதனால் மூலத்தை நசுக்காமல் வைத்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதிலிருந்து சின்னதாக ஒன்று எடுத்தால் போதும். அந்தச் சின்னப் பிரதியில் மட்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், ஒரு பிரேமில் பின்னிக் கிடக்கும் இரண்டு அரைப்படங்களைப் பிரிக்கிற bwdif வடிகட்டியைப் போட்டு நொடிக்கு 50 பிரேமாக்குகிறேன். 25 ஆக்கினால் அசைவு வெட்டி வெட்டிப் போகும். படத்தின் அடியில் நடுங்குகிற சில கோடுகள் பழுது அல்ல, ஒரு ஹெட் ஓய்ந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. டிவியின் விளிம்புக்குள் முன்பு மறைந்திருந்தது. அதைக் கறுப்பால் மூடிவிடலாம். விகிதம் 4:3. திரையை நிரப்ப இழுக்காதீர்கள், மாப்பிள்ளை பாவம்.

தைப்பூச டேப்புகள் எளிதாக முடிந்தன. வெள்ளி ரதம், தேங்காய் உடைப்பு, தண்ணீர்மலையில் 2012இல் புதுக் கோயில் திறப்பதற்கு முந்தைய படிகளும் பழைய கோயிலும். வண்ணம் கொஞ்சம் பக்கவாட்டில் வழிகிறது. வீஎச்எஸ் வண்ணத்தைக் குறைந்த நுணுக்கத்தில்தான் பதியும், அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. விட்டுவிட்டேன்.

கல்யாணக் கோப்புக்கு நாதஸ்வரம் மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பாட்டெல்லாம் நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது, எடுத்தீங்கன்னா பாருங்க" என்றார். சரி, டேப்பை மோனோ தடத்திலும் ஒருமுறை ஓட்டி எடுத்தேன். இரண்டு பதிவையும் பொருத்துவதற்குப் படம் எடுத்தவர்களின் ஃபிளாஷ் வெளிச்சம் கைகொடுத்தது. ஒரு பிரேம் மட்டும் வெள்ளையாகும் இடத்தை இரண்டிலும் தேடி ஒன்றாக வைத்தால் சத்தம் தானாகப் பொருந்துகிறது. இப்போது ஒரே எம்கேவி கோப்பில் இரண்டு ஒலித்தடம்: அம்மாவுக்கு முதலாவது, அண்ணிக்கு இரண்டாவது.

இப்போதைக்கு மிச்சம்: ஒரு டேப் தண்ணீர் பட்டுச் சுருள் ஒட்டிக் கிடக்கிறது. இழுத்தால் பூச்சு உரியும், அதனால் டிரை கேபினெட்டில் தனியாக இருக்கிறது, தொடவில்லை. பூஞ்சண டேப்புகள் இன்னும் காய்கின்றன. அதோடு மாமா வீட்டிலிருந்து வீடியோ8 என்கிற சின்னக் கேமரா டேப்புகள் ஒரு பை நிறைய வந்திருக்கின்றன. சோனியின் டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய வீடியோ8ஐயும் ஓட்டி, ஃபயர்வயர் கேபிள் வழியாகவே கணினிக்கு அனுப்பிவிடும். சில மாடல்கள் அனலாக் டேப்பைத் தொடவே தொடாது. அதனால் மாடல் எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். லோரோங் கூலிட்டில் இதுவரை கண்ணில் படவில்லை. பினாங்கிலோ சுங்கை பட்டாணிப் பக்கமோ யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.