ஆறரை மணிக்கு வரும் வாக்குத்தத்தம்

இங்கிலாந்தில் டிசம்பர் 31 மாலை 6.30 ஆனால் திருநெல்வேலியில் நள்ளிரவு. அங்கே சர்ச்சில் கோயில் மணி அடித்து, போதகர் ஐயர் புது வருஷத்துக்கென்று வேதத்திலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசனத்தை வாசித்துக்கொண்டிருப்பார். இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்த நம் பிள்ளை ஒரு பாட்டிக்கு இரவுச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும். போன் லாக்கருக்குள் கிடக்கும். 8 மணிக்கு ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால், ரோஜாப்பூவும் சூரிய உதயமும் போட்ட வசனப் படங்கள் வாட்ஸ்அப் கொள்ளாமல் குவிந்திருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 800 வருஷத்துக் கோயில் ஒன்று பூட்டிக் கிடக்கும். வருஷம் பிறக்கிற ராத்திரிக்கு ஆராதனை வைக்கிற வழக்கம் இந்த ஊர்க் கோயில்கள் பலவற்றில் இல்லை.

அறுப்பின் பண்டிகை உண்டு. சந்தோஷப்பட்டுக்கொண்டு போனால், பீடத்துக்கு முன்னால் அவித்த பீன்ஸ் டின், பாஸ்தா பாக்கெட், டாய்லெட் பேப்பர். எல்லாம் ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகிறது, நல்ல காரியம்தான். ஆனால் நம்மூர் மாதிரி காணிக்கைப் பொருள்களுக்கு ஏலம் கிடையாது. ஒரு பூசணிக்காய்க்குப் பெரியப்பாவும் கடைக்கார அண்ணாச்சியும் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போக, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியார் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுக்கிற அந்தச் சத்தம் இல்லாமல் அது என்ன அறுப்பின் பண்டிகை?

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த வசனப் படங்களை நம்மவர்கள் விசாவோடு ஒட்டவைக்கிற விதம். எரேமியா 29:11 வந்தால் போதும், "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பதை விசா கொடுக்கிற பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் முடிவு என்றே வாசித்துவிடுவார்கள். அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனவர்களுக்கு எழுதின கடிதம். 10ஆம் வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறான். அது பொய்த் தீர்க்கதரிசனம். கடிதத்தில் செய்யச் சொன்ன வேலை 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில் இருக்கிறது: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வை, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணு. இதை யாரும் ரோஜாப்பூ போட்டு அனுப்புவதில்லை.

விசா கிடைத்ததே தேவ சித்தத்துக்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டால், சட்டம் மாறும்போதெல்லாம் விசுவாசமும் ஆடும். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்கள் புதிதாகக் குடும்பத்தை அழைத்து வர முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. நிரந்தர வசிப்புரிமைக்கு 5 வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம், 10 ஆக்கலாம் என்றது 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட கொள்கைத் திட்டமான வெள்ளை அறிக்கை. அழைத்தவர் மனம் மாறிவிட்டாரா? அப்போஸ்தலர் 16இல் பவுலுக்கு ஆசியாவும் அடைபட்டது, பித்தினியாவும் அடைபட்டது. மக்கெதோனியாவுக்குத் தரிசனமே கிடைத்தது. போன இடத்தில் அடியும் பட்டு, தொழுமரத்திலும் மாட்டிக்கொண்டார். வழி தவறிப் போனதால் வந்த அடி அல்ல அது.

நம்மூரிலேயே ஆள் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு தாமே தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்தார். அன்றைக்கு அதுவும் அன்னிய நாடு மாதிரிதான்.

ஆகவே, நடைமுறையில். எந்த வேலைக்கானாலும் ஏஜெண்டு பல லட்சம் கேட்டால் அது கர்த்தர் திறந்த வாசல் இல்லை; விசாவுக்காக முதலாளி கொடுக்கிற ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு ஆகும் கட்டணம் அந்த முதலாளியே கட்ட வேண்டியது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. சாட்சி சொல்லுமுன் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாளியின் உரிமம் பறிபோனால் உள்துறையிலிருந்து கடிதம் வரும், பொதுவாக 60 நாள் அவகாசம். அந்த 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடித்துப் புது விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். அனுமதி வரும்வரை புது வேலையில் சேரக் கூடாது. பலர் முதல் மூன்று வாரத்தை உபவாசத்திலும், வெளியே தெரிந்தால் அவமானம் என்ற பயத்திலும் கழித்துவிட்டு நாலாவது வாரம் ஓடுகிறார்கள். சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, வந்த கடிதத்தோடு முதல் நாளே ஒரே கோப்பில் போட்டுவைத்துவிட்டு ஜெபிக்கலாமே. போதகர் உங்களுக்காக முழங்காலில் நிற்கலாம். விசா ஆலோசனை சொல்லக் கூடாது. பதிவு பெறாதவர் இலவசமாகச் சொன்னாலும் இங்கே குற்றம்.

உபவாசத்தை ஓய்வு நாளில் வையுங்கள். 12 மணி நேர ஷிப்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது தலை சுற்றினால் விழுவது இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டால் முறுக்கிக்கொண்டு விடுப்பு எடுக்க வேண்டாம். யாருக்கு எந்த ஷிப்ட் என்கிற ரோட்டாவைப் பெரும்பாலும் நாலு வாரம் முன்னதாகவே போடுவார்கள். அதற்கு முன்பே போய், மாதத்தில் இரண்டு ஞாயிறு விடச் சொல்லி, பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேலையை ஏற்றுக்கொண்டால் மேலாளர் முகம் மலரும். பல ஆங்கிலிக்கன் கோயில்களில் வார நடுவிலும் நற்கருணை உண்டு. பத்துப் பேர்தான் இருப்பார்கள், எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும். இரண்டு முறை போனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மூன்றாம் முறை கோப்பை கழுவும் பட்டியலில் பெயர் ஏறிவிடும். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவது அங்கே ஆரம்பிக்கிறது.

நாலைந்து வருஷமானால் எல்லோரும் செட்டில் ஆகிவிட்டதாகத்தான் சொல்வார்கள். டீக்குச் சர்க்கரை போடுவதில்லை, மோதியவனிடமே சாரி கேட்கிறார்கள். கோயிலில் ஊருக்கே சமைத்துப் போடுகிற அசனத்தன்று ஊரிலிருந்து வீடியோ கால் வரட்டும். ராத்திரியெல்லாம் கண்விழித்தவர்கள் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டுகிறதைப் பார்த்துவிட்டு, "சோறு குழைஞ்சிராம பாத்துக்கோங்க சித்தப்பா" என்று இங்கிருந்து உத்தரவு போடுகிறவர்களும் இவர்கள்தான்.

ஊரில் ஜெபிக்கக் கேட்கும்போது விஷயத்தைத் திறந்து சொல்லுங்கள்: உரிமம் போனது, கடிதம் வந்த தேதி இது, கடைசி நாள் இது. "ஒரு காரியத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று மூடிச் சொன்னால், அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அது கல்யாணக் காரியமாகிவிடும். உங்கள் 60 நாளில் பாதி தீருமுன் நாசரேத்திலிருந்து ஒன்று, சாயர்புரத்திலிருந்து ஒன்று என்று வரன் வந்து நிற்கும்.